ஒரு முழம் உயர்ந்த தரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே எனக்குப் பல வருஷம் ஓடிவிட்டது. ஒரு நோட்டு வாங்கி வைத்தேன், பேரப்பிள்ளைகள் படம் வரைந்து தீர்த்துவிட்டார்கள். இன்னொன்று வாங்கினேன், அதில் மளிகைச் சாமான்தான் எழுதினேன். எட்டாவது வரை படித்தவள் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்பது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. இதில் நான் சொன்ன ஒரு பொய் இருக்கிறது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி, அவர் கொடுத்த ஜெபங்களையும் சொல்லி முடித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் என் வீட்டுக்காரரிடம் இன்றுவரை சொன்னதில்லை. அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இதைப் பேத்தி வாசித்துக் காட்டும்போதுதான் அவரும் கேட்கப்போகிறார். ஆண்டவர் துணையிருக்கட்டும்.

எழுத வைத்தது போன தை மாதம் எங்கள் தெருவுக்கு வந்த ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு டேப். சர்க்கார் கணக்கெடுப்பு என்றாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. உள்ளே வரச் சொல்லி, நானும் பின்னாலேயே வந்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "ஏம்மா குனியறீங்க? வாசக்கால் நல்லா ஒசரமாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

நான் குனிந்தது எனக்கே தெரியவில்லை. "பழக்கம் கண்ணு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன்.

எத்தனை பேர், என்ன வேலை, என்ன அடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவள், "வீடு சொந்தமாம்மா?" என்றாள்.

"சொந்தம்."

"இதை வாடகைக்கு விட்டா மாசம் எவ்வளவு வரும்?"

"நாங்க விடப்போறதில்லையே."

"விடலன்னாலும் சொல்லணும்மா. கணக்குக்கு."

வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு மருமகள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "எழுதிக்க அக்கா, பத்தாயிரம்னு. பஸ்ஸு வராத ஊருக்கு அவ்வளவு கொடுத்து ஒரு கலெக்டரு குடிவரப் போறாரு!"

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு பொறுமையாக எனக்கு விளக்கினாள். சொந்த வீட்டில் இருப்பவர்களும் தங்களுக்குத் தாங்களே வாடகை கொடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களாம். வீடு நமக்கு நிழல் தருகிறது, மழை படாமல் வைத்திருக்கிறது, அது ஒரு சேவையாம். அதற்கும் ஒரு மதிப்பு உண்டாம்.

"அப்ப நாங்க வீட்டுக்குச் செஞ்ச சேவை?" என்று கேட்டேன்.

"அதுக்கும் கேள்வி இருக்கும்மா. பழுது பாத்தது, வெள்ளையடிச்சது, கூரை சரி பண்ணது எல்லாம். எத்தனை மணி நேரம்னு சொன்னா, கூலிக்கு ஆள் வச்சிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்னு போட்டுப் பாப்பாங்க."

"எந்த வருஷத்துலேருந்து சொல்லணும்?"

"வருஷமெல்லாம் இல்லம்மா. நேத்து மட்டும்தான். நேத்துக் காலையிலேருந்து இன்னிக்குக் காலை வரைக்கும்."

நேற்று நான் வீட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை. வாசல் கூட்டினேன், அவ்வளவுதான். அதைச் சொன்னேன், எழுதிக்கொண்டாள். டீயைக் குடித்துவிட்டு, "வரேம்மா" என்று போய்விட்டாள். நல்ல பெண். அவள் மேல் குறையே இல்லை. ஆனால் அன்றைக்கு என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. இதே இடத்தில், வீட்டுக்கு எத்தனை வேலை செய்தீர்கள் என்று முன்பும் ஒருவர் கேட்டார். அன்றைக்கு அதற்குச் சரியான பதில் கிடைக்காமல் போயிருந்தால் எங்களுக்கு நிற்க இடம் இருந்திருக்காது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில். அப்பா மரம் ஏறுகிறவர். பத்தொன்பது வயதில் என்னைக் கீழ்வேளூருக்குக் கிழக்கே இந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். வயல் வேலை செய்கிற குடும்பம். எங்களைப் போலவே வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதால் என் அம்மாவுக்குத் திருப்தி. கல்யாணம் முடிந்து, கையில் ஜெபமாலையோடு வீட்டுக்குள் நுழைந்தவள் நெற்றியில் இடித்துக்கொண்டேன். வாசல் அவ்வளவு தாழ்வு. உள்ளே இருந்து என் மாமியார், "குனிஞ்சு வா பொண்ணே, நம்ம வீடு கொஞ்சம் மரியாதை கேக்கும்" என்றார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயதுதான் இருக்கும். மாமனார் முன்பே இறந்துவிட்டார்.

வீடு எதனால் அவ்வளவு தாழ்வு என்று சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் பதினோரு வீடு. எல்லாம் குளத்தங்கரையில், பண்ணை நிலத்தில் இருந்தன. பண்ணையில் வேலை செய்கிற வரைக்கும் குடியிருக்கலாம், வாடகை கிடையாது. அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மண் பூசிக்கொள்ளலாம், மெழுகிக்கொள்ளலாம், கூரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சுவரை ஒரு சாண் கூட உயர்த்தக் கூடாது, செங்கல் கூடாது, மரக்கதவு கூடாது. சுவரை உயர்த்தினால் நிலம் தன்னுடையது என்று ஒருவனுக்கு நினைப்பு வந்துவிடுமாம். ஆகவே சுவர் முதலில் எழுப்பியபடியே நின்றது. வாசலுக்கு மேல் போட்டிருந்த பனங்கட்டையும் அங்கேயே இருந்தது.

ஆனால் தரை அப்படி நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பினால் தண்ணீர் நேரே வீட்டுக்குள் வரும். அதனால் வருஷா வருஷம் புரட்டாசியில் குளத்துக் களிமண்ணைக் கூடை கூடையாய்ச் சுமந்து வந்து, உள்ளே பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, அடுப்புக்கரியும் சாணியும் கரைத்து மேலே மெழுகுவார்கள். ஒரு விரற்கடை தரை ஏறும். இப்படித் தரை மட்டும் ஏறிக்கொண்டே வந்தது, கட்டை அப்படியே இருந்தது. அவ்வளவுதான் விஷயம். நான் வந்த புரட்டாசியில் அத்தையும் நானும் சேர்ந்து ஏற்றினோம். அவர் இடித்துக்கொண்டே அருள்நிறை மந்திரம் சொல்லுவார். ஒரு மந்திரத்துக்கு இத்தனை இடி என்று கணக்கு இருந்தது அவருக்கு. வேகமாக வேலை முடிய வேண்டும் என்று நான் மந்திரத்தை அவசரமாகச் சொன்னால், "மாதா எங்கேயும் ஓடிப்போகல, மெதுவா சொல்லு" என்பார்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. தெருமுனையில் இரண்டு கொடிக்கம்பம், ஒன்றில் சிவப்பு, ஒன்றில் கறுப்பு சிவப்பு. அறுவடைக் கூலித் தகராறு ஒவ்வொரு தையிலும் வரும். சில ஊர்களில் நடந்ததைப் பேசவே பயமாக இருக்கும். அந்தச் சமயத்தில்தான், குடியிருக்கிற மனை குடியிருக்கிறவர்களுக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டது. ஒரு குறிப்பிட்ட நாளைக்கு முன்பிருந்தே அந்த இடத்தில் குடியிருக்கிறவர்களுக்குப் பட்டா. அதற்குப் பிறகு குடிசை போட்டவர்களுக்குக் கிடையாது.

பதினோரு வீட்டில் பத்து வீட்டுக்குப் பெரிய தடை வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் பண்ணையிலிருந்து ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்கள். காரணம் இரண்டு. எங்கள் வீடு வரிசையில் கடைசி, களத்துக்கு வண்டி போகிற வழியை ஒட்டியது. இன்னொன்று, என் வீட்டுக்காரர் சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். அந்தத் தையில் கூலித் தகராறில் அவரைப் பிடித்து நாகப்பட்டினத்தில் ரிமாண்டில் வைத்திருந்தார்கள். ஊர்க் கணக்கிலோ எங்கள் வீடு என்று ஒரு எழுத்து கிடையாது. பண்ணை நஞ்சை என்று மட்டும் இருந்தது. ஆகவே ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்து, வீடு பழையதா புதியதா என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறார் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். பட்டா கிடைத்தால் வீடு நிற்கும். கிடைக்காவிட்டால் அடுத்த அறுவடைக்குள் காலி செய்ய வேண்டும், போக வேறு இடம் கிடையாது.

அது ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம். அத்தை, "நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் மாதாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். வெள்ளிக்கிழமை விடிய வந்துடுவேன். நீ சூதானமா இரு" என்று சொல்லிவிட்டு, ஒரு பையில் இரண்டு சேலையும் அவலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் ஒரு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, கோயிலில் இரண்டு நாள் இருந்து வருவதாக ஏற்பாடு.

வீட்டில் நான் மட்டும். சும்மா இருந்தால் பயமாக இருந்தது. சுற்றிப் பார்த்தேன். சுவரில் மழைக்கறை, மூலையில் எலி பறித்த ஓட்டை, கூரையில் போன வருஷத்து வைக்கோல் கறுத்துக் கிடந்தது. சர்க்கார் அதிகாரி வந்து இதையா பார்ப்பார், இப்படிக் கிடக்கிற வீட்டுக்கா பட்டா எழுதுவார் என்று எனக்குத் தோன்றியது. கல்யாணமாகி எட்டு மாதம் ஆன பெண்ணுக்கு வேறு என்ன தோன்றும்? எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தால் வீட்டை மெழுகுவோம், சாமியார் மந்திரிக்க வந்தால் மெழுகுவோம். நல்லது வாங்கிக்கொள்வதற்கு வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான்.

களிமண் சுமந்தேன். ஓட்டையெல்லாம் அடைத்தேன். உள்ளும் புறமும் மண் பூசி, கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தேன். குளத்தங்கரைத் தென்னையிலிருந்து விழுந்து கிடந்த மட்டைகளை ஊறப்போட்டு, பிறந்த ஊர்ப் பழக்கத்தில் நானே கீற்று முடைந்து கூரையின் முன்பக்கம் முழுக்க வேய்ந்தேன். கடைசியாகத் தரையையும் ஒரு அடுக்கு ஏற்றிக் கரி கரைத்து மெழுகினேன். நான்கு நாள் வேலை. உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தாள். "என்னடி இது, மாசிமாசத்துல கிறிஸ்துமஸ் கொண்டாடுறே? உங்க மாமியா சொல்லிட்டுப் போச்சா?"

"ஆமாக்கா. அவங்கதான் மெழுகி வைக்கச் சொன்னாங்க."

இதுதான் அந்தப் பொய். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நானாகச் செய்தேன் என்றால் பெரியவர்களைக் கேட்காமல் செய்துவிட்டாள் என்பார்களோ என்று இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பொழுது ஏறிய பிறகுதான் அத்தை வந்தார். கால் இரண்டும் வீங்கி, சேலை முழுக்கப் புழுதி. கையில் கோயில் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி. வாசலில் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். குனிந்து உள்ளே வந்து தரையில் கையை வைத்து எடுத்தார். கையில் ஈரம்.

"விரல்கோடு தெரியாம மெழுகியிருக்கே" என்றார். நான் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நடந்து வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் கொடுப்பதற்குள் வெளியே ஆள் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டரும் தலையாரியும் வந்திருந்தார்கள். கூடவே பண்ணைக் காரியஸ்தர். பண்ணையின் வரவு செலவு, ஆள் ஏவல் எல்லாம் பார்த்தவர் அவர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. வீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"பாருங்க சார்! நான் வேற சொல்லணுமா? புது மண்ணு, புதுச் சுண்ணாம்பு, கீத்துல பச்சை வாடை கூடப் போகல. சட்டம் வந்துச்சுன்னு கேள்விப்பட்டு பத்து நாள்ல போட்ட கொட்டாய் இது. முன்ன இங்க மாடுதான் கட்டிக்கிடந்துச்சு."

பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரத்திலிருந்து, "மனசறிஞ்சு பேசுங்கய்யா! போன வருஷம் இந்த வீட்டுல பந்தியில உக்காந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டது எந்த மாடு?" என்றாள். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க" என்றார் காரியஸ்தர். "எல்லாம் ஒரே கொடி சார். ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லிக்கும். அதை எடுத்துக்க முடியுமா?"

இன்ஸ்பெக்டர் சுவரை நகத்தால் சுரண்டினார். நான் பூசிய மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் நோட்டை எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாளில் என் கையாலேயே அத்தையின் வீட்டை நேற்றுக் கட்டிய வீடாக மாற்றிவிட்டேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

உள்ளேயும் ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இன்ஸ்பெக்டர் வாசலில் கால் வைத்தார். மனிதர் நல்ல உயரம். குனிந்தது போதாமல் பனங்கட்டையில் நெற்றி மோதி 'டங்' என்று சத்தம் கேட்டது. பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அத்தைதான் ஓடிப்போய்க் கோயில் எண்ணெய்க் குப்பியைத் திறந்தார். "வேளாங்கண்ணி எண்ணெய்ங்க. வீங்காது. தடவட்டுங்களா?" அவர் பதில் சொல்வதற்குள் நெற்றியில் தடவிவிட்டார்.

"எண்ணெய் தடவிப் பட்டா வாங்கப் பாக்குது பாருங்க" என்றார் காரியஸ்தர்.

இன்ஸ்பெக்டருக்கு வலியில் கோபம். "ஏம்மா, வீடு கட்டறவங்க ஆளு நுழையற மாதிரி கட்டமாட்டீங்களா? வாசலை இவ்வளவு தாழ்வாவா வைப்பாங்க?"

"தாழ்வா வைக்கலீங்க. என் கல்யாணத்துக்குன்னு புதுசா எழுப்பின வீடுங்க. அன்னிக்கு நிமிந்துதாங்க உள்ள வந்தேன். தலையில பூக்கூட இடிக்கல. வாசல் அங்கேயேதாங்க இருக்கு. தரைதான் ஏறிப்போச்சு."

"தரை எப்படி ஏறும்?"

அத்தை புரட்டாசி வேலையைச் சொன்னார். சுவரை உயர்த்தக் கூடாது என்ற வழக்கத்தையும் சொன்னார். அதைச் சொல்லும்போது காரியஸ்தரைப் பார்த்து, "நான் சொல்றது சரிதானுங்களேய்யா?" என்று மரியாதையாகவே கேட்டார். காரியஸ்தர் குடையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, கட்டையிலிருந்து தரைக்கு எத்தனை முழம் என்று கையை வைத்துப் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டே ஒரு நிமிஷம் யோசித்தார். "எத்தனை தடவை ஏத்தியிருப்பே?"

"நான் வந்து இருபத்திநாலு வருஷங்க. ரெண்டு வருஷம் ஏத்தல. ஒண்ணு புயல் வருஷம். அந்தத் தரம் ஆத்து மணலே உள்ள வந்து ஏத்திட்டுப் போயிடுச்சு."

"இன்னொண்ணு?"

"மூத்த பொண்ணு போன வருஷங்க."

"எங்க போச்சு?"

"மாதாகிட்டங்க. ரெண்டு வயசு."

இன்ஸ்பெக்டர் தலையாரியிடம் திரும்பி, "ஒரு கடப்பாரை வாங்கிட்டு வாய்யா" என்றார்.

வாசலுக்கு உள்ளே, ஓரமாக, ஒரு சாண் அகலத்துக்குத் தரையை நேராக வெட்டினார்கள். முந்தின நாள்தான் நான் மெழுகி முடித்த தரை. கடப்பாரை இறங்கும்போது எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. ஒரு முழம் ஆழத்துக்குப் போனதும் தலையாரி தண்ணீர் தெளித்து, வெட்டிய பக்கத்தைக் கொத்துக்கரண்டியால் வழித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

களிமண், அதன்மேல் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. மறுபடி களிமண், மறுபடி கறுப்புக் கோடு. அப்படியே மேல் வரைக்கும். கரியும் சாணியும் கலந்து மெழுகின ஒவ்வொரு வருஷமும் ஒரு கோடாகக் கிடந்தது. கீழே ஒரு இடத்தில் மட்டும் இரண்டு விரல் கனத்துக்குப் பழுப்பாக ஆற்று மணல். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஆமா, அதான் புயலு" என்று, வழியில் தெரிந்தவரைப் பார்த்தது போலச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பேனா முனையை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து எண்ணினார். ஒரு தரம் கீழிருந்து, ஒரு தரம் மேலிருந்து. பிறகு நிமிர்ந்து, "நீ சொன்னபடி இருபத்திரண்டு வரணும். இருபத்திமூணு இருக்கே" என்றார்.

"பாத்தீங்களா!" என்றார் காரியஸ்தர். "வாய்க்கு வந்ததைச் சொல்லுது."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் பக்கம் திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தார். கோபமான பார்வை இல்லை. அடுப்பில் பால் பொங்கப்போகிறது, நீ அங்கேயே நில்லு, நான் இறக்கிக்கிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

"மேல இருக்கறது இந்த வாரத்துதுங்க" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "அழுத்திப் பாருங்க, ஈரம் கூடக் காயல. நாந்தாங்க மெழுகினேன். வீடு தேடி வர்றவங்களை அழுக்குத் தரையில எப்படிங்க உக்கார வைக்கிறது?"

அவர் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்தது. "என்னை விருந்தாளின்னு நெனச்சியா?" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் கொஞ்சம் தணிவு.

"வாசலுக்கு வந்துட்டா யாரா இருந்தாலும் விருந்தாளிதானுங்களே. காரியஸ்தர் அய்யாவும்தான்."

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுத ஆரம்பித்தார். வீட்டின் விவரத்துக்கு இடம் இருந்தது போலிருக்கிறது. "மண்ணு எங்க எடுத்தது?" "பண்ணைக் குளத்துலங்க." "மூங்கில்?" "பண்ணைத் தோப்புலங்க." "வைக்கோல்?" "களத்து வைக்கோலுங்க."

"கேட்டுக்குங்க சார், எல்லாம் பண்ணையோடது" என்றார் காரியஸ்தர்.

"மண்ணு பண்ணையோடதுதான். அதைச் சுமந்தது, இடிச்சது, மெழுகினது? அதுக்குப் பண்ணையில என்ன கூலி கொடுத்தீங்க?"

அத்தைதான் சிரித்துவிட்டார். "கூலியாங்க? சொந்த வீட்டை மெழுகறதுக்கு யாருங்க கூலி கொடுப்பாங்க?"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. அதுவரை அய்யா கொல்லை, பண்ணை வீடு என்றுதான் அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். "தெரியாம வந்துடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க" என்றார் காரியஸ்தரைப் பார்த்து.

"மதிப்புன்னு ஒரு இடம் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர், பொதுவாக. "வாடகைக்கு விட்டா என்ன பெறும்னு போடணும். இதுக்கு என்னத்தை எழுதறது?" அவரே ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. போகும்போது ஜாக்கிரதையாகக் குனிந்து வெளியே போனார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். காரியஸ்தருக்கும் கொடுத்தேன். அவரும் வாங்கிக் குடித்தார், அதையும் சொல்ல வேண்டும்.

அவர்கள் போனதும் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டிய பள்ளத்தை மூட உட்கார்ந்தார். வீங்கிய கால். நான் மண்ணைக் குழைத்துக் கொடுத்தேன். அழுகை தாளவில்லை. "ஏன் அத்தை நீங்கன்னு சொன்னீங்க?"

"நீன்னு சொன்னா, எட்டு மாசத்துக்கு முன்ன வந்த பொண்ணு எதுக்கு அவசர அவசரமா மெழுகிச்சுன்னு ஒரு கேள்வி வரும். நான்னா, வருஷா வருஷம் மெழுகறவ இந்த வாரமும் மெழுகினான்னு போயிடும்." கொஞ்ச நேரம் இடித்துவிட்டு, "அவன் வந்தா சொல்லாதே. கோவக்காரன். நான் மெழுகினதாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பிறகு, "கீத்து நல்லாத்தான் முடைஞ்சிருக்கே. ஒழுவாது" என்றார்.

என் வீட்டுக்காரர் இரண்டு வாரத்தில் வெளியே வந்தார். பட்டா வர அந்த வருஷ நடவு முடிந்துவிட்டது. பட்டாவை அத்தை பெயருக்கு எழுதியிருந்தார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. மாதா படத்துக்கு முன்னால் வைத்துத் தோத்திரம் சொல்லிவிட்டு, மகனைக் கூப்பிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்தக் கட்டையைத் தூக்கி வைடா."

மறுநாளே என் வீட்டுக்காரர் கட்டையை எடுத்து, சுவரை ஒரு முழம் உயர்த்தி, மேலே வைத்தார். மண் காய ஒரு வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வந்தோம். அத்தைதான் முதலில் உள்ளே போக வேண்டும் என்று வாசலில் நின்றோம். அவர் வந்தார், வழக்கம் போலக் குனிந்து உள்ளே போய்விட்டார்.

"அம்மா, நிமிந்து வாம்மா! அதுக்குத்தானே தூக்கி வச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அத்தை உள்ளே நின்று மேலே பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுபடி வெளியே வந்தார். முந்தானையைச் சரி செய்துகொண்டார். என் தலையிலிருந்த பூவில் ஒரு கிள்ளு எடுத்துத் தன் கொண்டையில் வைத்துக்கொண்டார். கைம்பெண் பூ வைக்கக் கூடாது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு தலையைத் தூக்கிக்கொண்டு, ஏழெட்டு எட்டாக மெதுவாக நடந்து, நிமிர்ந்து உள்ளே போனார். பூ இடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்த வீட்டில் இருந்தார். பாதி நாள் குனிந்துதான் போவார். இப்போது அதே இடத்தில் காங்கிரீட் வீடு, உயரமான வாசக்கால். எனக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை என்று அந்த டேப் வைத்திருந்த பெண் சொல்லித்தான் தெரிந்தது.

அவள் போன பிறகு நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரைக்கு நான்கு நாள், சுவருக்கு ஐந்து நாள், கூரைக்கு இத்தனை நாள் என்று வருஷத்துக்கு எழுதி, இருபத்திரண்டால் பெருக்கப் போனேன். மூத்த பிள்ளை போன வருஷத்தில் வந்து நின்றுவிட்டது. அந்த வருஷம் தரை ஏற்றாமல் அத்தை அந்த ஈரத்திலேயே மழைக்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்திருக்கிறார். அதை எந்தக் கூலியில் எழுதுவது? நோட்டை மூடிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைகளிடமோ தெரிந்தவர்களிடமோ இதைச் சொல்வீர்களானால், இருக்கிறது இருக்கிறபடி சொல்லுங்கள். காரியஸ்தரை இதைவிடக் கெட்டவராக்க வேண்டாம். அவர் மகன் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர். இன்ஸ்பெக்டரைப் பெரிய மகானாக்கவும் வேண்டாம், அவர் நெற்றி இடித்ததால் யோசித்தார். மாதா செயல் என்று நான் நம்புகிறேன், நீங்கள் நம்பாவிட்டாலும் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். தரையில் இருந்த கோடுகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். இருபத்திரண்டு அத்தையுடையது. மேலே ஈரமாக இருந்த இருபத்திமூன்றாவது என்னுடையது. அதை அவர் கணக்கில் சேர்க்காதீர்கள்.